மாயூரத்தில் ஒரு நட்பு

நுழையும்முன்

தமிழ்த்தாத்தா என்று அழைக்கப்பெறும் உ.வே.சாமிநாதையரின் பெயரைக் கேட்டவுடன் ஓலைச்சுவடியும் மூக்குக்கண்ணாடியும் தலைப்பாகையும் நினைவில் எழும். ஏடு தேடி ஊர் ஊராகச் சென்ற அப்பெரியவருக்குப் பதினாறு வயதில் வேறொரு தேடலும் இருந்தது. நந்தன் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் இசை பயின்றார். அப்பயிற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அது தொடங்கியதும் நின்றதும் ஓர் இளைஞனின் வாழ்வைத் திசைதிருப்பிய நிகழ்வுகளாகும்.

சென்னை பெசன்ட் நகரில், கடற்கரைக்குச் சிறிது தொலைவில், டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் அமைந்துள்ளது. அவர் மறைந்த மறு ஆண்டில், 1943-இல், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அடையாற்றில் அது நிறுவப்பெற்றது. அவர் ஈட்டிய ஓலைச்சுவடிகளோடு அவருடைய கையெழுத்துக் குறிப்புகளும் அவருக்கு வந்த கடிதங்களும் அங்குப் பாதுகாக்கப்படுகின்றன. தமக்கு வந்த கடிதம் எதையும் எளிதில் எறிந்துவிடும் வழக்கம் அவருக்கு இல்லை. வேண்டிய சுவடி எங்கே கிடைக்கும் என்று எழுதியவர், நூலுக்கு முன்பணம் அனுப்பியவர், நலம் விசாரித்தவர் என எல்லாருடைய கடிதங்களும் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. அவற்றுள் 1877 முதல் வந்தவை தொகுக்கப்பெற்று அண்மையில் நூலாகவும் வெளிவந்துள்ளன.

மாயூரத்து நட்போ அக்கடிதங்களுக்கெல்லாம் ஆறாண்டு முந்தியது. ஒரே ஊரில் வாழ்ந்த இருவருக்குக் கடிதம் தேவைப்படவில்லை. அதைக் காப்பாற்றித் தந்தது சாமிநாதையரின் நினைவாற்றலும், கேட்டதையும் கண்டதையும் எழுதிவைக்கும் அவருடைய பழக்கமுமே.

இசை வளர்த்த குடும்பம்

சாமிநாதையர் 19.2.1855 அன்று பிறந்தார். சொந்த ஊர் குடந்தையை அடுத்த உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர், இசையையே பிழைப்பாகக் கொண்டவர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடி, இராமாயணக் கதை சொல்லி, கேட்போர் தரும் நெல்லையும் பணத்தையும் கொண்டு குடும்பத்தைக் காத்தார். ஓர் ஊரில் சில திங்கள், மற்றோர் ஊரில் சில திங்கள் என்று குடும்பம் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது. வேங்கடசுப்பையரின் தாய்மாமன் கனம் கிருஷ்ணையர். உடையார்பாளையம் சமஸ்தானத்தில் புகழோடு விளங்கிய அவர், கனமார்க்கம் என்னும் அரிய பாடுமுறையில் வல்லவர். வேங்கடசுப்பையர் அவரிடமே தங்கி இசை கற்றவர்.

இத்தகைய குடும்பத்தில் பிறந்த பிள்ளை பாட்டுக்காரனாக வேண்டும் என்று தந்தை விரும்பியதில் வியப்பில்லை. பிள்ளைக்கும் இசையில் நாட்டம் இருந்தது, குரலும் இருந்தது. ஆயினும் அரியலூரிலும் கார்குடியிலும் செங்கணத்திலும் தமிழறிந்தவர்களை அடுத்துச் சிறிது சிறிதாகப் பாடம் கேட்கக் கேட்க, தமிழின்மேல் எழுந்த ஆசை மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது. அந்நாளில் தமிழ்நாடெங்கும் பெரும்புலவராக மதிக்கப்பட்டவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவரிடம் பாடம் கேட்க வேண்டும் என்ற ஒரே எண்ணம் இளைஞனைப் பற்றிக்கொண்டது. தந்தை தம் விருப்பத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, 1871-இல் மகனை மாயூரத்துக்கு அழைத்துச் சென்று பிள்ளையவர்களிடம் ஒப்படைத்தார்.

ஒதுக்கிவைத்தாரே தவிர, விட்டுவிடவில்லை. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். பாரதியாரும் கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். அவ்வகையில் இருவரும் ஒரே ஆசிரியரின் மாணாக்கர். ஓய்வு நேரத்தில் அவரிடம் சென்று இசைப்பயிற்சி செய்யும்படி மகனிடம் சொன்னார். ஒரே ஊரில் இரண்டு கல்வியும் கைகூடும் என்பது அந்த ஏழைத் தந்தையின் கணக்கு.

தளிர் தேடிய காலைகள்

பிள்ளையவர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்துவிட்டால் பாடம் உடனே தொடங்கிவிடும் என்று எண்ணிய இளைஞனுக்கு முதல் நாள்கள் ஏமாற்றமாக இருந்தன. மூத்த மாணாக்கர் ஒருவரிடம் பாடம் கேட்கும்படி பிள்ளையவர்கள் சொல்லிவிட்டார். அவரிடமே நேரில் கேட்க வேண்டும் என்ற ஏக்கத்தோடு அவர் மனப்போக்கைக் கூர்ந்து நோக்கியபோது, வீட்டுத் தோட்டத்தின்மேல் அவருக்கு இருந்த அளவற்ற பற்றுத் தெரியவந்தது. புதிதாக வைத்த மரங்களில் தளிர் விட்டிருக்கிறதா என்று காலையில் எழுந்ததும் பார்ப்பது அவர் வழக்கம். மாணவர் அவருக்கு முன்னரே எழுந்து, எந்தக் கிளையில் எந்தத் தளிர் தோன்றியிருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, அவர் வந்ததும் சுட்டிக்காட்டினார். ஆசிரியரின் முகம் மலர்ந்தது, பேச்சுத் தொடர்ந்தது, பாடமும் தொடங்கியது. குடும்பத்தார் இட்ட வேங்கடராமன் என்ற பெயரினும், வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்ற பெயரையே பிள்ளையவர்கள் விரும்பினார். அப்பெயரே நிலைத்தது.

பாடம் இல்லாத வேளைகளில் இளைஞனின் கால்கள் பாரதியாரை நாடின. தாம் இன்னாரின் மகன் என்று சொன்னவுடன் முதியவருக்குப் பழைய நினைவுகள் எழுந்தன. பயிற்சிக்கு இசைவும் கிடைத்தது. பாரதியாருக்கு அப்போது வயது அறுபதை ஒட்டியிருந்தது, மாணவருக்குப் பதினாறு. ஆங்கில நாட்டில் பாஸ்வெல் என்னும் இளைஞர் தம் இருபத்திரண்டாம் வயதில், ஐம்பத்து மூன்று வயதான ஜான்சன் என்னும் அறிஞரைக் கண்டு நட்புக்கொண்டு, பின்னாளில் அவர் வாழ்க்கையை எழுதியது இலக்கிய உலகம் அறிந்த செய்தி. மாயூரத்து இருவருக்கும் இடையே இருந்த வயது இடைவெளி அதனினும் பெரிது. ஆயினும் கனம் கிருஷ்ணையர் என்ற பெயர் அவ்விடைவெளியைக் குறைத்தது. இசையில் அவர்கள் ஒரே மரபினர்.

கூலியாளைத் தலைவனாக்கிய நாடகம்

கோபாலகிருஷ்ண பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்தவர். இல்லறம் மேற்கொள்ளாமல் தனித்தே வாழ்ந்தவர். வேதாந்த நூல்களையும் யோகத்தையும் பயின்றவர். திருவிடைமருதூரில் மராட்டிய அரச குடும்பத்தார் ஆதரவில் இருந்த இராமதாசர் என்பவரிடம் இந்துஸ்தானி இசையும் கற்றார். மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்திலும் பின்னர் மாயூரத்திலும் தங்கி, நாயன்மார் கதைகளைக் கீர்த்தனைகளாகப் பாடினார். இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்காலம்மையார் ஆகியோர் சரித்திரங்கள் அவர் இயற்றியவை. அவற்றையெல்லாம் விஞ்சி நின்றது நந்தன் சரித்திரம்.

திருநாளைப்போவார் கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் முப்பத்தேழு பாடல்களில் அமைத்திருக்கிறார். தில்லைக்குள் புக இயலாத குலத்தில் பிறந்த நந்தனார், நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கி, இறுதியில் தில்லை சேர்ந்த வரலாறு அது. அங்கே அவரைத் தடுத்து நிறுத்தும் மனிதர் எவரும் இல்லை. தயங்கவைப்பது அவருடைய பிறப்பைப் பற்றிய எண்ணமே. பாரதியார் இக்கதையில் வேதியர் ஒருவரைப் படைத்துச் சேர்த்தார். நந்தன் அவரிடம் பண்ணையாள். தில்லைக்குப் போக விடைகேட்கும்போதெல்லாம் வேதியர் சினக்கிறார். நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போகலாம் என்று நடவாததை நிபந்தனையாக விதிக்கிறார். ஓர் இரவில் அவ்வேலை இறையருளால் முடிந்துகிடப்பதைக் காணும் வேதியர், தம் பண்ணையாளின் காலில் விழுகிறார்.

இப்புதிய பாத்திரத்தால் கதை நாடகமாயிற்று. முதலாளி, கூலியாள், நிலம், கோயில் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று மோதின. பாடல்கள் சிற்றூர் வழக்குச் சொற்களில் அமைந்தன. நொண்டிச்சிந்தும் இருசொல் அலங்காரமும் கேட்போரை ஈர்த்தன. காலட்சேபக்காரர்கள் ஊர் ஊராகப் பாடினார்கள். நாடகக் குழுவினர் நடித்தார்கள். காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவால் அந்நூல் அச்சேறியது. 1935-இல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக வேடமேற்று நடித்த திரைப்படமும், 1942-இல் தண்டபாணி தேசிகர் நடித்த திரைப்படமும் பாரதியார் படைத்த வேதியரைத் தம்முள் கொண்டவையே. சேக்கிழாரின் நந்தனாரைக் காட்டிலும் பாரதியாரின் நந்தனே மக்கள் மனத்தில் குடிகொண்டார்.

தூக்கத்தில் கேட்ட பாட்டு

நந்தன் சரித்திரத்தை அச்சிடக் கருதிய பாரதியார், பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் வேண்டினார். அந்நாளில் பெரும்புலவர் ஒருவரின் பாயிரம் பெறாத நூலுக்கு மதிப்பில்லை. பிள்ளையவர்களுக்கோ அந்நூலில் இரண்டு குறைகள் தோன்றின. ஒன்று, பாடல்களில் இருந்த இலக்கணப் பிழைகள். மற்றொன்று, சேக்கிழார் சொல்லாததைச் சொன்ன துணிவு. இல்லை என்று முகத்துக்கு நேரே மறுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. பிறகு ஆகட்டும் என்று நாள் கடத்தினார். பாரதியார் சலிக்கவில்லை, மீண்டும் மீண்டும் வந்தார்.

ஒருநாள் நண்பகலில் பாரதியார் வந்தபோது பிள்ளையவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப விரும்பாமல் வெளியே காத்திருந்தவர், தம் நூலில் உள்ள பாடல் ஒன்றைத் தமக்குத் தாமே பாடத் தொடங்கினார். தில்லை வாயிலில் நிற்கும் நந்தனின் ஏக்கம் அவர் குரலில் நிறைந்தது. உள்ளே அரைத்துயிலில் இருந்த புலவர் காதில் அது விழுந்தது. விழித்தவர் எழாமலேயே கேட்டார். உள்ளம் உருகியது, கண்ணீர் பெருகியது. இலக்கணப் பிழை நோக்கிய கண், அப்பாட்டில் பத்தியைக் கண்டது. நெடுநாள் காத்திருக்கவைத்ததற்கு வருந்தி, பாயிரச் செய்யுளை அவர் எழுதித் தந்தார்.

இந்நிகழ்ச்சி சாமிநாதையர் மாயூரம் வருவதற்கு முன்னரே நடந்தது. அதை அவர் கேட்டறிந்து எழுதிவைத்தார். தம் ஆசிரியர் ஒருவரைக் காக்கவைத்த கதையை, ஆசிரியர்மேல் வைத்த பெரும்பத்தி சிறிதும் குன்றாமலே அவர் சொல்லியிருக்கும் நேர்மை கவனிக்கத்தக்கது.

நின்றுபோன பயிற்சி

பாரதியாரிடம் இசை கற்று வருவதை மாணவர் தாமாக ஆசிரியரிடம் சொல்லியிருக்கவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. சொல்லும் சந்தர்ப்பம் வரவில்லை. செய்தி ஒருநாள் பிள்ளையவர்கள் செவிக்கு எட்டியது. அவர் கடிந்துகொள்ளவில்லை. இசையில் ஆழ்ந்த பழக்கம் ஏற்பட்டால் இலக்கண இலக்கியங்களில் கருத்து ஊன்றாது என்னும் தம் எண்ணத்தை மட்டும் மென்மையாக வெளியிட்டார். அதற்குமேல் அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. மாணவர் பாரதியாரிடம் பாடம் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

பிள்ளையவர்கள் அச்சம் கொண்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாட்டின் இனிமையில் சொல்லின் அமைதி கரைந்துபோவதை அவர் பல வித்துவான்களிடம் கண்டவர். கீர்த்தனைப் பாடகனுக்குக் கிடைக்கும் உடனடிப் புகழும் பொருளும், பிழைப்புக்கு வழியில்லாத இளைஞன் ஒருவனை எளிதில் இழுத்துவிடும் என்பதையும் அவர் அறிவார். ஆனால் இழப்பு இழப்பே. மகனை ஈரிடத்தும் பயிற்றலாம் என்று எண்ணிய தந்தையின் கணக்குத் தவறியது. கனம் கிருஷ்ணையர் வழியாக வந்த இசைச்செல்வத்தை, அவரிடமே பயின்ற முதியவரிடமிருந்து பெறும் வாய்ப்பு அத்துடன் அகன்றது. பதினாறு வயதில் இரண்டு ஆசைகளுள் ஒன்றை விட்டுவிடுவது எளிதன்று. சாமிநாதையர் விட்டார், ஏன் விட்டோம் என்பதையும் மறக்கவில்லை.

முற்றும் விட்டுவிட்டார் என்று சொல்லவும் இயலாது. திருவாவடுதுறை மடத்தில், இசையில் பெருவிருப்பம் கொண்ட சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில் செய்யுள் படிக்கும்போதெல்லாம் அவர் இராகத்தோடு படித்தார். பிற மாணாக்கர் ஓதியதற்கும் அவர் ஓதியதற்கும் இருந்த வேறுபாடு உடனே தெரிந்தது. அக்காலத்துப் பெரும் பாடகரான மகா வைத்தியநாதையர் மடத்துக்கு வந்திருந்தபோது, தம் ஆசிரியர் இயற்றிய செய்யுள்களை அவர்முன் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது, பாராட்டும் கிட்டியது. அருகில் பிள்ளையவர்களும் இருந்தார். தடுத்த இசை தம் கவிதைக்கே அணியாக நின்றதைக் கண்டு அவர் மகிழ்ந்தாரேயன்றிக் கடியவில்லை.

சிலம்பும் யாழும்

1876-இல் பிள்ளையவர்கள் மறைந்தார். 1880-இல் சாமிநாதையர் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அதே ஆண்டில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததும், அதன் விளைவாக 1887-இல் சீவகசிந்தாமணி வெளிவந்ததும், பத்துப்பாட்டு, புறநானூறு, மணிமேகலை என்று தொடர்ந்ததும் பலரும் அறிந்த வரலாறு. அவ்வரிசையில் 1892-இல் வந்த சிலப்பதிகாரம் ஒன்றே இங்கு நினைக்கத்தக்கது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை இசையும் கூத்தும் அறியாதவர்க்கு இருண்ட காடு. யாழின் நரம்பு, குழலின் துளை, பாலை திரியும் முறை என்று அடியார்க்குநல்லார் உரை விரிந்துகொண்டே போகிறது. அவர் மேற்கோள் காட்டும் இசைநூல்களுள் பல மறைந்துபோனவை. சுரமும் இராகமும் காதுக்குப் பழகாத ஒருவர் அவ்வுரையைப் பிழையின்றிப் பதிப்பித்தல் அரிது. சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். பிற்காலத்தில் இசைத்தமிழை ஆராய்ந்தோர் அனைவருக்கும் அப்பதிப்பே நுழைவாயில் ஆயிற்று. விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ்நூலும் சிலப்பதிகாரத்தின் இசைப்பகுதிகளை அடித்தளமாகக் கொண்டதே.

சென்னையில் திரும்பிய கடன்

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்த சாமிநாதையர், திருவேட்டீசுவரன்பேட்டையில் குடியேறினார். குடந்தைக் கல்லூரியில் தம்மை அமர்த்திய தியாகராச செட்டியாரின் நினைவாக வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். அவ்வீடு இன்று இல்லை. அங்கிருந்தே பழந்தமிழ் நூல்கள் பல அச்சுக்குச் சென்றன. 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. 1935-இல் எண்பதாம் ஆண்டு விழாவும் சிறப்பாக நடந்தது.

அம்முதுமையில்தான் பழைய மனிதர்களைப் பற்றி எழுதும் வேகம் அவருக்குப் பிறந்தது. ஆசிரியர் பிள்ளையவர்களின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி முடித்திருந்தார். மயிலாப்பூரிலிருந்து வெளிவந்த கலைமகள் இதழ் அவருடைய கட்டுரைகளை விரும்பி வெளியிட்டது. சங்கப் புலவர்களைப் பற்றி அவரிடம் எதிர்பார்த்தவர்களுக்கு அவர் பாடகர்களையும் காட்டினார். 1936-இல் கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர், கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகிய மூவர் வரலாறுகளும் அடுத்தடுத்து நூலாயின. தமக்கு இசை தந்த மரபு, தம் இசையைப் பாராட்டியவர், தாம் இசை கற்ற ஆசிரியர் என்னும் உறவு அம்மூவரோடும் அவருக்கு இருந்தது.

பாரதியாரைப் பற்றிய நூல் மிகச் சிறியது. அதில் புகழ்மொழிகள் குறைவு, நிகழ்ச்சிகள் மிகுதி. திருவையாற்றுக்குச் சென்று தியாகராசரைக் கண்டதும், அங்கே மாணாக்கர் பாடிய ஆபோகி இராகத்தைக் கேட்டுத் தாமும் அவ்விராகத்தில் கீர்த்தனை ஒன்று இயற்றிப் பாடியதும் அதில் உள்ளன. பாயிரம் வேண்டிக் காத்திருந்த கதையும் உள்ளது. கீர்த்தனையைப் பாடினோர் பலர் இருந்தும் அதை இயற்றியவர் வாழ்வை எழுதிவைத்தவர் அரியர். பாரதியாரை நேரில் கண்டு, அவரிடம் பயின்றவர் ஒருவர், அறுபத்தைந்து ஆண்டு கழித்து எண்பத்தொரு வயதில் எழுதியது அந்நூல்.

1940 சனவரியில் ஆனந்த விகடன் இதழில் என் சரித்திரம் தொடராக வரத் தொடங்கியது. மாயூரத்து நாள்களைச் சொல்லும் பகுதியில் தளிர் தேடிய காலைகளும் வந்தன. பாரதியாரிடம் சென்றதும், பிறகு செல்லாமல் நின்றதும் வந்தன. நிறுத்தச் சொன்ன ஆசிரியர்மேல் குறையோ, தம்மேல் இரக்கமோ அங்கு இல்லை. 28.4.1942 அன்று திருக்கழுக்குன்றத்தில் சாமிநாதையர் காலமானபோது, தொடர் மணிமேகலைப் பதிப்பு வரையில்தான் வந்திருந்தது. சென்னைக்கு வந்த பிந்திய ஆண்டுகளை எழுத அவருக்குக் காலம் இல்லாமற்போயிற்று. மாயூரத்தை அவர் எழுதி முடித்திருந்தார்.